செடிச்சாற்று நானோ துகளும் எலியின் ஈரலும்: பாதுகாப்பு ஆய்வைத் தொடக்கம் முதல் கடைசி வரை செய்வது எப்படி

கீழாநெல்லிச் சாற்றில் துத்தநாக உப்பைக் கலக்கி, காய்ச்சி, சூளையில் சுட்டு, நானோ துகளாக (மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியது) வெள்ளைப் பொடி எடுத்து, அதை எலிக்கு 28 நாள் ஊட்டி, எஸ்ஜிபிடி (ஈரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் கூடுகிற என்சைம்) ஏறவில்லை, ஆகவே கல்லீரலுக்குப் பாதுகாப்பானது என்று முடிக்கிற ப்ராஜெக்ட்டுகள் இப்போது ஏராளம். எங்கள் வடசென்னைப் பக்கம், ராயபுரம் தொடங்கி மாதவரம் வரைக்கும், பார்மசியோ பயோகெமிஸ்ட்ரியோ படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் கூடினால் அதில் ஒருத்தராவது இந்த வேலையில் இருப்பார். வேலை தப்பில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு ஓட்டை இருக்கிறது. எலியின் ஈரலைத் தொட்டது துகளா, வயிற்று அமிலத்தில் கரைந்த துத்தநாகமா, இலைச்சாறா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாவிட்டால் ஈரல் நன்றாக இருந்தாலும் காரணம் தெரியாது, கெட்டாலும் தெரியாது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு கட்டமும் அந்த ஓட்டையை அடைக்கத்தான்.

துத்தநாக ஆக்சைடையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், அதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். தாமிரம், இரும்பு, டைட்டானியம், சீரியம் எங்கே மாறுபடுகின்றன என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

1. இலை

ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் காய்ந்த கீழாநெல்லி மூட்டையாகவே கிடைக்கும். கஷாயத்துக்கு வாங்குங்கள், ஆய்வுக்கு வேண்டாம். காய்ந்து நொறுங்கிய சரக்கில் மேலாநெல்லியோ அதே குடும்பத்து வேறு செடியோ கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பச்சைச் செடியாக, வேரோடும் காயோடும் பறித்து, தாவரவியல் துறையில் அடையாளச் சான்று வாங்கி, உலர்ந்த மாதிரி ஒன்றை ஹெர்பேரியத்தில் (உலர்செடிகளைச் சேமிக்கிற இடம்) எண் போட்டு வையுங்கள்.

பறிக்கிற இடமும் முக்கியம். மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ஓரத்திலும், எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிற இடத்திலும் செடி செழிப்பாகத்தான் இருக்கும். அந்த இலையில் ஈயமும் காட்மியமும் இருந்து, அது உங்கள் பொடிக்குள் வந்து, எலியின் ஈரலில் ஏதாவது செய்தால் பழி நானோ துகள் மேல் விழும். அதனால் இலைச்சாற்றையும் ஒரு முறை கன உலோகங்களுக்கு ஐசிபி-எம்எஸ்ஸில் (மிகச் சிறு அளவு உலோகத்தையும் அளக்கிற கருவி) ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் சோம்பல் கூடாது. போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் உதவாது, அயனி நீக்கிய நீர்தான் வேண்டும். தண்டையார்பேட்டை நிலத்தடி நீரில் இருக்கிற உப்புக்குத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

2. பொடிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது

பலரும் யோசிக்காமல் தாண்டுகிற கட்டம் இது. இலையில் இருக்கிற பாலிஃபீனால்களும் ஃப்ளாவனாய்டுகளும் துகளின் மேல் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு அதைச் சாதுவாக்குகின்றன என்று எல்லா அறிமுகப் பகுதியிலும் எழுதியிருக்கும். சரி, ஆனால் பொடியை 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூளையில் வைத்த பிறகு அந்தப் போர்வையில் எவ்வளவு மிஞ்சும்? பெரும்பகுதி எரிந்து போயிருக்கும். அதற்கப்புறம் கையில் இருப்பது ஏறக்குறைய சாதாரணத் துத்தநாக ஆக்சைடுதான், பிறந்த வழி மட்டும் வேறு. சுடாமல் 60, 80 டிகிரியில் உலர்த்தினால் இலைப்பொருள் மிஞ்சும், ஆனால் துத்தநாக ஹைட்ராக்சைடும் வினையில் சேராத உப்பும் கூடவே மிஞ்சலாம். இரண்டில் எந்த வழியில் போனாலும் டிஜிஏ ஒன்று எடுத்துவிடுங்கள். சூடேற்றும்போது எந்த வெப்பநிலையில் எவ்வளவு எடை குறைகிறது என்ற அந்த ஒரு வரைபடம், போர்வை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

மற்றவை வழக்கமானவை. யுவி-விசிபிளில் (ஒளி உறிஞ்சலை அளக்கிற கருவி) 360 முதல் 380 நானோமீட்டர் பக்கம் உச்சம், எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிகம் பார்க்கிற முறை) வுர்ட்சைட் என்ற படிக அமைப்பு, டிஇஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) வடிவமும் அளவும். எக்ஸ்ஆர்டி எண்களை ஷெரர் சமன்பாட்டில் போட்டால் வருவது படிக அளவு மட்டும்தான், அதையே துகள் அளவு என்று எழுதாதீர்கள். டிஎல்எஸ் அளவும் (திரவத்தில் மிதக்கிற துகளின் அளவு) ஜீட்டா பொட்டென்ஷியலும் (துகளின் மேற்பரப்பு மின்னூட்ட நிலை) சுத்த நீரில் எடுத்தால் மட்டும் போதாது, எலிக்கு எந்தத் திரவத்தில் கலந்து கொடுக்கப் போகிறீர்களோ அதிலும் எடுக்க வேண்டும். நீரில் 80 நானோமீட்டர் காட்டியது உப்புக் கரைசலில் மைக்ரான் கணக்குக் கட்டியாக நிற்பது சாதாரணம். அப்படியானால் நீங்கள் கொடுத்தது நானோ துகளே இல்லை.

இதோடு கரைதிறன் சோதனை ஒன்றும் சேருங்கள். பொடியை அமில நீரில், வயிற்றில் இருக்கிற அளவு அமிலத்தன்மையில், 37 டிகிரியில் வைத்து, குறித்த நேரங்களில் வடிகட்டி, கரைந்த துத்தநாகத்தை அளந்தால், துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் எவ்வளவு சுலபமாகக் கரைகிறது என்பது நேரில் தெரியும். டைட்டானியம் டையாக்சைடும் சீரியம் ஆக்சைடும் இப்படிக் கரையாது, துகளாகவே உடலுக்குள் சுற்றும். அதனால் துத்தநாகத்துக்குக் கேட்கிற கேள்வி வேறு, அவற்றுக்குக் கேட்கிற கேள்வி வேறு.

ஊசி வழியே கொடுக்கப் போகிறவர்கள் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து வருகிற நஞ்சு) சோதனையை விட்டுவிடவே கூடாது. இலைச்சாற்றில் பாக்டீரியா வளர்வது சகஜம், அதன் எண்டோடாக்சின் ஒன்றே ஈரலில் அழற்சி கிளப்பப் போதும்.

3. அனுமதி

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக்கூடாது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் கீழ் இயங்குகிற மத்தியக் குழுவில் (பழைய பெயரான சிபிசிஎஸ்இஏ என்றுதான் இன்றும் பலர் சொல்கிறார்கள், இப்போது சிசிஎஸ்இஏ) பதிவு பெற்ற விலங்கு இல்லம் வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் பதிவு உள்ள இடத்தோடு சேர்ந்து செய்யுங்கள். படிவம் பி-யில் எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள், எந்த நிலை வந்தால் எலியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவீர்கள் என்று எழுத வேண்டும். ‘எடை 20 சதவீதம் குறைந்தால்’ என்பது மாதிரி எண்ணோடு எழுதுங்கள்.

4. குழுக்கள்

என்னைக் கேட்டால் இந்த ஒரு கட்டத்தைச் சரியாகச் செய்தவருக்குப் பாதி ஆய்வு முடிந்த மாதிரி. வழக்கமாக வருகிற அமைப்பு: ஒரு கன்ட்ரோல் (துகள் கொடுக்காத குழு), குறைந்த டோஸ், நடு டோஸ், அதிக டோஸ். இதை வைத்து ‘இந்தப் பொடி இந்த அளவில் ஈரலை ஒன்றும் செய்யவில்லை’ என்று வேண்டுமானால் சொல்லலாம். ‘செடிச்சாற்றில் செய்ததால் ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்ல இது பத்தாது.

அதைச் சொல்ல இன்னும் நான்கு குழு வேண்டும். இலைச்சாறு மட்டும் குடிக்கிற குழு ஒன்று. அதிக டோஸில் இருக்கிற அதே அளவு துத்தநாகத்தை உப்பாகக் குடிக்கிற குழு ஒன்று. பெரிய துகள் கொண்ட சாதாரணத் துத்தநாக ஆக்சைடு ஒன்று. செடி இல்லாமல் வேதிமுறையில் செய்த, அளவில் ஏறக்குறைய ஒத்த நானோ துகள் ஒன்று. இந்த நான்குக்கும் மூன்று டோஸ் தேவையில்லை, அதிக டோஸ் மட்டும் போதும். எலி எண்ணிக்கை ஏறுகிறது என்று நெறிமுறைக் குழுவில் நிச்சயம் கேட்பார்கள். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் மற்ற எலிகளும் வீண் என்பதுதான் அதற்குப் பதில், கேட்பவர்களும் பொதுவாக ஒத்துக்கொள்வார்கள்.

உப்புக் குழுவில் கணக்கு தப்புகிற இடம் ஒன்று உண்டு. 100 மி.கி. துத்தநாக ஆக்சைடில் இருப்பது சுமார் 80 மி.கி. துத்தநாகம். அதே 80-ஐ, ஏழு நீர் மூலக்கூறு சேர்ந்த துத்தநாக சல்பேட்டில் கொடுக்க வேண்டுமானால் சுமார் 350 மி.கி. உப்பு ஆகும். 100-க்கு 100 என்று எடை போட்டுக் கொடுத்தால் துத்தநாகம் கால்வாசிக்குச் சற்று மேல்தான் போகிறது. அப்புறம் ‘உப்பைவிடத் துகள் வேறு மாதிரி நடந்துகொண்டது’ என்று எழுதினால் அது வெறும் டோஸ் வித்தியாசம்.

இந்த ஒப்பீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2006-இல் சுண்டெலிகளில் செய்த தாமிர ஆய்வு ஒன்று போதும். ஆக்சைடு இல்லை, உலோகத் தாமிரம். 23.5 நானோமீட்டர் தாமிரத்துக்குப் பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு கிலோவுக்கு 413 மி.கி. என்றும், 17 மைக்ரான் தாமிரத்துக்கு 5000-க்கும் மேல் என்றும், தாமிர அயனிக்கு 110 என்றும் வந்தது. ஒரே உலோகம்தான். அளவும் கரைகிற வேகமும் மாறியதும் நஞ்சின் கடுமை பல மடங்கு மாறிவிட்டது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் அது தெரிந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். கார்பன் டெட்ராகுளோரைடோ பாராசிட்டமாலோ கொடுத்து ஈரலைக் கெடுத்து, பிறகு துகள் கொடுத்து, எஸ்ஜிபிடி இறங்கியது, சிலிமாரினுக்கு (ஒப்பீட்டுக்கு வைக்கிற ஈரல் காக்கும் மருந்து) சமமாக இருந்தது என்று காட்டுகிற ஆய்வு பாதுகாப்பு ஆய்வு கிடையாது. அது மருத்துவப் பலன் ஆய்வு. ஆரோக்கியமான எலிக்குத் துகளை மட்டும் கொடுத்த குழு அதில் இல்லாவிட்டால் அந்தத் துகள் தானாக என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

5. டோஸும் ஊட்டும் முறையும்

முதலில் ஓஇசிடி (உலக நாடுகள் பல ஏற்கிற நஞ்சுச் சோதனை வழிகாட்டிகளை வெளியிடுகிற அமைப்பு) 423 முறையில் ஒற்றை டோஸ் சோதனை. ஒரு படிக்கு மூன்று எலி, வழக்கமாகப் பெண் எலிகள். கிலோவுக்கு 5, 50, 300, 2000 மி.கி. என்ற நிலைகளில் எங்கே தொடங்குவது என்பதை முன்தகவலை வைத்து முடிவு செய்து, 14 நாள் கவனிக்க வேண்டும். அப்புறம் ஓஇசிடி 407, அதாவது 28 நாள் தினமும். குழுவுக்குக் குறைந்தது பத்து எலி, ஐந்து ஆண், ஐந்து பெண். கன்ட்ரோலுக்கும் அதிக டோஸுக்கும் கூடுதலாகச் சில எலிகளை வைத்து, டோஸ் நிறுத்திய பிறகு 14 நாள் விட்டுப் பாருங்கள். ஏறிய என்சைம் இறங்குகிறதா, ஈரலில் சேர்ந்த உலோகம் வெளியேறுகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

இப்போது சிரிஞ்சைக் கவனியுங்கள். 200 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 300 மி.கி. என்றால் 60 மி.கி. பொடி. 2 மி.லி.யில் கொடுத்தால் ஒரு மி.லி.க்கு 30 மி.கி., அது கிட்டத்தட்ட சுண்ணாம்புத் தண்ணீர். அரை சதவீத சிஎம்சியில் (கலவையைக் கெட்டியாக்குகிற பசை) கலக்கி, சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் கட்டியை உடைக்கிற கருவி) வைத்து எடுத்த அந்தக் கலவையைப் பீக்கரில் வைத்துவிட்டு முதல் எலியைப் பிடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அடியில் வெள்ளையாகப் படிய ஆரம்பித்திருக்கும். மேலிருந்து உறிஞ்சினால் முதல் எலிக்குத் தெளிந்த நீர், கடைசி எலிக்கு அடி வண்டல். குழுவுக்குள் எஸ்ஜிபிடி ஏன் இப்படிச் சிதறுகிறது என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மேக்னெட்டிக் ஸ்டிரரை ஓடவிட்டு, அது சுழலும்போதே நடு உயரத்திலிருந்து உறிஞ்சி, உடனே கொடுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் பீக்கரின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் மாதிரி எடுத்துத் துத்தநாகத்தை அளந்து பதிவு செய்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

டோஸ் தினமும் ஒரே நேரத்தில். எடை வாரம் ஒரு முறையாவது பார்த்து அளவைத் திருத்துங்கள். விலங்கு இல்லம் 22 டிகிரியை ஒட்டி, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. மே மாதத்தில் கரண்ட் போய் ஏசி நின்றால் எலி தின்பது குறைந்து எடை இறங்கும், ஈரலின் எடையும் கூடவே இறங்கும். ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் கோடையில் தொடங்காதீர்கள், மார்கழி, தை நல்ல காலம்.

6. ரத்தம் எடுக்கிற நாள்

முந்தின இரவு எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். மறுநாள் வழக்கமாக நடப்பது என்னவென்றால், காலையில் கன்ட்ரோல் குழு முழுவதையும் முடித்து, சாப்பாட்டுக்குப் பிறகு அதிக டோஸ் குழுவை எடுப்பார்கள். அப்போது பட்டினி நேரமே ஆறேழு மணி வித்தியாசப்படும். ஈரலில் கிளைக்கோஜன் குறையும், செல் பார்க்க வேறு மாதிரி இருக்கும், அதைத் துகளின் வேலை என்று எழுதிவிடுவார்கள். எல்லாக் குழுவிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கலந்து, குலுக்கல் வரிசையில் எடுங்கள்.

ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜ் செய்து, சீரத்தின் நிறத்தைக் கண்ணால் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது, எஸ்ஜிஓடி என்ற இன்னொரு என்சைம் பொய்யாக ஏறும். எஸ்ஜிஓடி தசையிலும் சிவப்பணுவிலும்கூட உண்டு, அதனால் எலியில் எஸ்ஜிபிடியைத்தான் முதலில் நம்ப வேண்டும். ஏஎல்பி, ஜிஜிடி (பித்த ஓட்டம் தடைபட்டால் ஏறுகிற என்சைம்கள்), பிலிருபின், ஆல்புமின் எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போதுதான் செல் அடிபட்டதா, பித்த ஓட்டம் தடைபட்டதா என்று பிரியும். பித்தம் என்றதும் ஞாபகம் வருகிறது, எலிக்குப் பித்தப்பையே கிடையாது, சுண்டெலிக்கு உண்டு. ‘பித்தப்பை இயல்பாக இருந்தது’ என்று எலி ஆய்வில் எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவீர்கள்.

7. ஈரல் துண்டு

ஈரலை முழுதாக எடை போட்டு, உடல் எடைக்கு எத்தனை சதவீதம் என்று குறியுங்கள். ஒவ்வொரு எலியிலும் ஒரே மடலிலிருந்து, இடது பக்கப் பெரிய மடலானால் எப்போதும் அதிலிருந்தே, துண்டு எடுங்கள். தடிமன் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் ஃபார்மலின் நடுவரை போய்ச் சேராது. பத்து சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், துண்டின் பருமனைப்போல் பத்து மடங்கு. சென்னை வெயிலில் துண்டை டிரேயில் கிடக்க விட்டுவிட்டு அடுத்த எலிக்குப் போனால் திசு தானே அழுக ஆரம்பிக்கும், ஸ்லைடில் அது நஞ்சால் வந்த சிதைவு மாதிரியே தெரியும்.

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் நடுச்சிரையைத் தேடுங்கள், அதிலிருந்து செல்கள் கதிர் கதிராக வெளியே போகும். நடுச்சிரையைச் சுற்றி இருக்கிற பகுதியில்தான் மருந்துகளை உடைக்கிற சைட்டோகுரோம் என்சைம்கள் அதிகம், ஆக்சிஜன் குறைவு, பாராசிட்டமாலும் கார்பன் டெட்ராகுளோரைடும் அடிக்கிற இடம் அது. போர்ட்டல் பக்கம் (ரத்தம் ஈரலுக்குள் நுழைகிற ஓரம்) அழற்சி இருந்தால் கதை வேறு. அதனால் ‘சிதைவு காணப்பட்டது’ என்று மொட்டையாக எழுதாமல் எந்தப் பகுதியில் என்று எழுத வேண்டும். கதிர்களுக்கு இடையில் இருக்கிற குப்ஃபர் செல்களை 40 எக்ஸில் நிதானமாகப் பாருங்கள், ரத்தத்தில் வருகிற துகளை விழுங்குவது அவைதான். இரும்பு ஆக்சைடு கொடுத்திருந்தால், இரும்பைக் காட்டுகிற பெர்ல்ஸ் சாயம் போட்டதும் அவை நீலமாகத் துலங்கும். துகளை விழுங்குகிற இந்தக் குணத்தை வைத்துத்தான் ஈரல் எம்ஆர்ஐக்கு இரும்பு ஆக்சைடு மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது. பெருத்த குப்ஃபர் செல்லையும் செத்த ஈரல் செல்லையும் ஒரே ‘மாற்றம்’ என்ற தலைப்பில் போடக்கூடாது, முதலாவது வேலை செய்கிற செல், இரண்டாவது அடிபட்ட செல்.

ஸ்லைடு பார்ப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் கால்நடை நோயியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். மனித ஸ்லைடு பார்த்துப் பழகியவரைவிட எலி ஈரல் பார்த்துப் பழகியவர் கண் இதற்கு நல்லது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

8. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் எண்களை எப்படி எடுத்துக்கொள்வது

எம்டிஏ (செல்லின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெட்டதன் அடையாளம்), குளூட்டாதயோன், எஸ்ஓடி, கேட்டலேஸ் (இந்த மூன்றும் செல்லின் தற்காப்பு) நான்கும் எல்லா ஆய்விலும் உண்டு. இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, துகள் சோதனையையே குழப்பும். சில துகள்கள் ஒளியை உறிஞ்சும், சில என்சைமைத் தன்மேல் ஒட்டவைத்துச் செயலிழக்க வைக்கும். கன்ட்ரோல் எலியின் ஈரல் அரைத்ததில் துகளைக் கையால் கலந்து அதே சோதனையை ஓட்டிப் பாருங்கள். எண் மாறினால், குற்றவாளி எலிக்குள் இல்லை, டெஸ்ட் டியூபுக்குள்.

இரண்டாவது, எஸ்ஓடியின் ஒரு வகைக்குத் தாமிரமும் துத்தநாகமும் தேவை. அந்த உலோகங்களையே ஊட்டிவிட்டு எஸ்ஓடி ஏறியது, செடியின் ஆன்டிஆக்சிடன்ட் குணம் என்று எழுதுவது அவசரம். உப்புக் குழுவிலும் ஏறியிருந்தால் செடிக்கு அதில் பங்கில்லை. துத்தநாகம் அதிகமானால் குடல் செல்லில் மெட்டலோதயோனின் என்ற புரதம் கூடி, அது தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடலுக்குத் தாமிரம் போகாது. உடலில் தாமிரம் தேங்குகிற வில்சன் நோய்க்குத் துத்தநாகம் கொடுப்பது இதை நம்பித்தான். ஆகவே 28 நாள் ஆய்வில் ஈரலில் துத்தநாகத்தோடு தாமிரத்தையும் அளங்கள், ஹீமோகுளோபினைப் பாருங்கள், கணையத்தையும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். எஸ்ஜிபிடி அசையாமல் இருக்கும்போதே தாமிரக் குறைவால் ரத்தசோகை வந்திருக்கலாம்.

கணக்குக்கு ஒருவழி அனோவா (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுகிற புள்ளியியல் சோதனை), அதன்பின் ஒவ்வொரு குழுவையும் கன்ட்ரோலோடு ஒப்பிட டன்னெட் சோதனை. ஆண், பெண் தனித்தனியாகப் பாருங்கள். பி மதிப்பு (இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.05-க்குக் கீழே போனதெல்லாம் நஞ்சு இல்லை. டோஸ் கூடக்கூடக் கூடுகிறதா, ஸ்லைடு அதையே சொல்கிறதா, நிறுத்தியதும் இறங்குகிறதா என்று மூன்றையும் சேர்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள்.

9. முடிவை எழுதும்போது

எலி டோஸை மனிதனுக்கு மாற்ற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-இல் தந்த வழிகாட்டுதலின்படி, கிலோவுக்கான அளவை 6-ஆல் பெருக்கி 37-ஆல் வகுக்க வேண்டும். எலிக்கு 100 மி.கி. என்றால் மனிதனுக்குக் கிலோவுக்குச் சுமார் 16 மி.கி. அறுபது கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 970 மி.கி. ஆக்சைடு, அதில் துத்தநாகம் மட்டும் 780 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளின் மேல் வரம்பாக அமெரிக்காவில் வைத்திருப்பது 40 மி.கி. பத்தொன்பது மடங்குக்கும் மேல்! ‘100 மி.கி. வரை பாதுகாப்பானது’ என்ற வரியை அப்படியே தூக்கி யாராவது மூலிகை நானோ பொடி டப்பாவில் அச்சடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வண்ணாரப்பேட்டையில் மஞ்சள் காமாலைக்கு இலை அரைத்துக் கொடுக்கிறவர்களிடம் போய் இதுவும் அதுதான் என்று சொல்லிவிடுவார்கள்.

டைட்டானியம் டையாக்சைடை உணவு நிறமியாகப் பல்லாண்டு சாப்பிட்டார்கள், ஈரல் என்சைம் பெரிதாக அசைவதில்லை என்றும் சொன்னார்கள். மரபணுவைச் சேதப்படுத்தாது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் சொன்னது, 2022-இல் அங்கே தடை வந்தது. 28 நாள் ஈரல் சோதனையால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

எனவே கடைசிப் பத்தி இந்த மாதிரி இருக்கட்டும்: இந்தச் செடியில், இந்த வெப்பநிலையில் செய்த, இத்தனை நானோமீட்டர் துகள், வாய் வழியே, இத்தனை நாள், இந்த இன எலியில், இந்த அளவு வரை ஈரலில் பாதகமான மாற்றம் காட்டவில்லை. அதே துத்தநாகம் உள்ள உப்போடு ஒப்பிட்டபோது வித்தியாசம் இன்னது. ஈரலில் மிஞ்சிய உலோகம் இவ்வளவு. ‘பாதுகாப்பானது’ என்று தனியாக நிற்கிற சொல்லைத் தலைப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள், கைடு முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு எலியின் எண்ணும் தனித்தனியாக இருக்கிற அட்டவணையைப் பின்னிணைப்பில் போடுங்கள். பாரஃபின் பிளாக்குகளைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வையுங்கள், இரண்டு வருஷம் கழித்து யாராவது கணையம் என்ன ஆயிற்று என்று கேட்டால் திரும்ப வெட்டிப் பார்க்கலாம்.